நானூற்றுப் பன்னிரண்டாம் எண்

மாரிஸ் லாவல்லே வீட்டில் நாய் இல்லை.
சஸ்கட்டூனில் பதினெட்டு ஆண்டு
வீடு வீடாகக் கடிதம் போடும் எனக்கு
ஒருவனைப் பிடித்துப்போக அது போதும்.

ஒரு நவம்பரில்
வீட்டின் முன்னிருந்த புல்தரையை
பாய்போலச் சுருட்டி வேலியோரம் அடுக்கிவிட்டான்.
முதல் பனி விழுந்த காலை
வாளி மணலில் எதையோ கலந்து
வெள்ளை மேல் வீசிக்கொண்டிருந்தான்,
கோழிக்குத் தீனி போடுகிறவன் மாதிரி.
கோழி எதையும் காணோம்.
"விதை" என்றான்.
"இப்போதா?"
"குளிர் ஏறாமல் ஓடு இளகாது, நோரீன்.
ஐந்து மாதம் நடுங்கட்டும்."
மின்கட்டண உறையை வாங்கிக்கொண்டான்.

அவனுக்கு வேலை பொட்டாஷ் சுரங்கத்தில்.
ஒரு கிலோமீட்டர் ஆழம்.
ஜனவரியில் மேலே மைனஸ் முப்பத்தைந்து,
கீழே சட்டைக் கையை மடித்துக்கொள்கிறான்.
ஜூலையிலும் அதே வெக்கை, அதே மடிப்பு.
ஊருலகத்து வயலுக்கெல்லாம் உரம் வெட்டி ஏற்றுகிறவன்
தன் மண்ணுக்கு ஒரு பிடி போடவில்லை.
"கொழுத்தால் இதுகள் சாய்ந்துவிடும்."

முதல் கோடையில் முளைத்தது
கொஞ்சம் கீரை மாதிரி,
மிச்சம் வெறும் மண்.
இரண்டாம் கோடை இடுப்புயரம். பூ எண்ணி ஒன்பது.
அந்த ஆகஸ்டில் என் பையில் நகராட்சி உறை.
தொட்டாலே தெரியும் எனக்கு, உள்ளே என்ன என்று.
ஐந்து வீட்டுக்கு முன்பிருந்தே அது கனத்தது.
போட்டேன்.
எதிர்வீட்டில் அகாதா ஃபேரின் திரை அசைந்தது,
காற்றாகவும் இருக்கலாம்.

அவன் சண்டைக்குப் போகவில்லை.
புல்வெட்டி ஒன்றை இரவல் வாங்கி
நடைபாதையோரம் ஒரே ஒரு பட்டை,
இயந்திரத்தின் அகலம் எவ்வளவோ அவ்வளவு,
நூல் பிடித்ததுபோல் வெட்டினான்.
ஆய்வாளர் வந்தார். பட்டையைப் பார்த்தார்.
"ஓ, தோட்டமா" என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாம் ஏப்ரல்.
பனி இன்னும் கந்தலாகக் கிடக்க
கம்பளி போர்த்திக்கொண்டு ஊதாக் குரோக்கஸ்.
பையோடு மண்டி போட்டுப் பார்த்தேன்.
ஜூனில் நீல ஆளிப்பூ,
விடிந்தால் விரிந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும்.
பதினொன்றுக்கு நான் வரும்போது
பாதி செடியில், பாதி படியில்.
விளம்பரத் தாள் அதிகமான நாள்களில்
நான் தாமதம், படியில் மட்டும்.
பிறகு, கிள்ளினால் ஓமம் மணக்கும் இன்னொன்று.
ஆகஸ்டில் ஊதாக் கதிர்கள்,
கதிருக்கு மூன்று தேனீ, மயிரடர்ந்து,
சோம்பலாக, ஓய்வூதியம் வாங்குகிறவை போல.

செப்டம்பருக்குப் பிறகு என்னைக் கேட்காதீர்கள்.
எல்லாம் பழுப்பு.
அவனோ வெட்டமாட்டான்.
காய்ந்த தண்டுக்குள் தேனீக்கள் தூங்குகின்றனவாம்.
"வாடகை?" என்றேன்.
"ஜூனில் தருவார்கள்."

அவன் வாசலுக்குக் குறுக்குவழி
காட்டு அதிமதுரப் புதரை உரசிக்கொண்டு போகிறது.
கொக்கி வைத்த காய்கள்
என் கம்பளிக் காலுறையைக் கண்டால் விடாது.
சாலையைக் கடந்து, எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவேன்.
இலையுதிர்காலம் முழுக்க. எல்லா ஆண்டும்.
சத்தியமாக யோசித்துச் செய்ததில்லை.

நேற்று அந்தப் படியின் வெடிப்பில்
புளிய இலைபோல் அடுக்கிலையோடு ஒரு கன்று.
களைக்கொத்தோடு நின்றாள் அகாதா ஃபேர்.
"உனக்குத்தான் அந்த மனுஷனைத் தெரியுமே.
இது களையா?"
அவளுக்குக் கடிதம் எதுவும் இல்லை. இருந்தும்
பைக்குள் கைவிட்டுத் தேடினேன்.
"வேர் இனிக்கும்" என்றேன்.
"ஆழமாகப் போகுமா?"
"போகும்."
"எவ்வளவு?"
"அதை நீங்கள் அவனிடம்தான் கேட்க வேண்டும்."

சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.
களைக்கொத்தைச் சுவரில் சாய்த்தாள்.
முடிவாகவா, மூச்சு வாங்கவா,
நின்று பார்க்க எனக்கு நேரமில்லை.
அடுத்த வீட்டில் நாய் உண்டு.